யூசர்ஃபார்மில் பயனர் தேர்ந்தெடுக்கும் செல்களை எப்படி வாங்குவது? ரெஃப்எடிட்டா, இன்புட்பாக்ஸா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். எக்செலில் ஒரு யூசர்ஃபார்ம், அதாவது பயனரிடம் விவரம் கேட்கும் ஜன்னல், செய்திருக்கிறீர்கள். அதில் இரண்டு ரெஃப்எடிட் பெட்டிகள், ஷீட்டில் செல்களை இழுத்துக் காட்டினால் முகவரியை வாங்கிக்கொள்பவை. தரவு எந்தச் செல்களில் இருக்கிறது என்று ஒன்று கேட்கிறது, முடிவை எங்கே எழுதுவது என்று மற்றது கேட்கிறது. பயனர் சரியாகத்தான் தேர்ந்தெடுக்கிறார், ஆனால் சில நேரம் மேக்ரோ வேறு ஷீட்டிலிருந்து எண்களை எடுக்கிறது. இதைத் தவிர்க்க, ஒரு கேள்வி கேட்டு விடை வாங்கும் இன்புட்பாக்ஸுக்கு மாறிப் பார்த்தீர்கள், அங்கே கேன்சல் அழுத்தினால் 424 என்ற எரர் வருகிறது. நடுவில் ஒருமுறை எக்செல் அப்படியே உறைந்தும் போயிருக்கிறது. "இதில் எது சரியான வழி?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று புகாராகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: பயனர் காட்டிய இடத்தை என் கோடு (நிரல்) எந்த வடிவத்தில் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும், முகவரி எழுத்தாகவா, அந்தச் செல்களையே குறிக்கும் ரேஞ்ச் ஆப்ஜெக்டாகவா?

பல வருடங்களாக அடுத்தவர்களுக்கு மேக்ரோ எழுதிக் கொடுத்தும், அடுத்தவர்கள் எழுதியதைப் பழுதுபார்த்தும் வருகிறவன் என்ற முறையில் என் பதில்: பயனர் தேர்ந்தெடுத்த அந்த நொடியிலேயே அதை ரேஞ்ச் ஆப்ஜெக்டாக வாங்கிவிடுங்கள். முகவரி எழுத்தைத் திரையில் காட்டுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கீழே சொல்லும் எல்லாமே இதிலிருந்து வருவதுதான். ஒரு சின்ன விஷயம்: கோடில் வரும் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே எழுதுகிறேன். எடிட்டரில் தட்டும்போது எது எது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

முதலில் தவறான ஷீட் விவகாரம். ரெஃப்எடிட் பெட்டியின் வேல்யூ என்பது வெறும் எழுத்து. பார்த்தால் ரேஞ்ச் மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது ஷீட் பெயர், ஆச்சரியக்குறி, டாலர் குறிகளோடு செல் முகவரி, அவ்வளவுதான். மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுத்தால் ஷீட் பெயரும் சேர்ந்தே வரும், சிக்கல் இல்லை. பயனர் பெட்டிக்குள் கையாலேயே ஏ1:ஏ20 என்று தட்டினால் ஷீட் பெயர் இருக்காது. அந்த எழுத்தை நீங்கள் ரேஞ்ச் என்ற சொல்லுக்குள் போட்டு, முன்னால் எந்த ஷீட்டையும் குறிப்பிடவில்லை என்றால், ஃபார்மின் கோடில் அது அந்த நேரத்தில் ஆக்டிவாக இருக்கும் ஷீட்டைத்தான் பிடிக்கும். இரண்டு பெட்டிகள் இருப்பதால் பயனர் இரண்டாவது பெட்டிக்காக வேறு ஷீட்டுக்குப் போயிருப்பார், ஆக்டிவ் ஷீட் மாறியிருக்கும். நீங்கள் ஓகே பட்டனில் இரண்டு எழுத்தையும் ஒன்றாக மாற்றும்போது முதல் பெட்டியின் முகவரி இரண்டாவது ஷீட்டில் போய் உட்காரும். எரரே வராது, எண்கள் மட்டும் தப்பாக இருக்கும். இந்த வகைப் பிழைதான் எனக்குப் பயம், ஏனென்றால் யாராவது கணக்கைக் கையால் சரிபார்க்கும்வரை வெளியே தெரியாது.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று சிலர் ஒரு குறிப்பிட்ட ஷீட்டின் பெயரை முன்னால் போட்டு, அதன் ரேஞ்சுக்குள் ரெஃப்எடிட்டின் எழுத்தைக் கொடுப்பார்கள். அந்த எழுத்தில் வேறு ஷீட்டின் பெயர் இருந்தால் 1004 எரர் வரும். ஷீட் பெயரோடு வரும் எழுத்தை மாற்ற அப்ளிகேஷன்.ரேஞ்ச் என்று எழுதுவதே சரி. அதற்கு முன் எழுத்தில் ஆச்சரியக்குறி இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பயனரிடமே திரும்பக் கேட்டுவிடலாம். இன்னொரு எல்லையும் உண்டு. ரேஞ்சுக்குள் கொடுக்கும் முகவரி எழுத்து 255 எழுத்துகளைத் தாண்டக் கூடாது. கண்ட்ரோல் விசையைப் பிடித்துக்கொண்டு அங்கங்கே இருபது முப்பது துண்டுகளைத் தேர்ந்தெடுக்கிற பயனர் இருந்தால், ஒவ்வொரு துண்டுக்கும் ஷீட் பெயரும் திரும்பத் திரும்ப வருவதால், இந்த எல்லை நீங்கள் நினைப்பதைவிடச் சீக்கிரம் வந்துவிடும்.

அடுத்தது உறைதல். உங்கள் ஃபைலைப் பார்க்காமல் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் தெளிவு: ஃபார்மை விபிமோட்லெஸ் என்று காட்டுகிறீர்களா? அதாவது ஃபார்ம் திறந்திருக்கும்போதே ஷீட்டிலும் வேலை செய்யும்படி விட்டிருக்கிறீர்களா? அப்படியானால் ரெஃப்எடிட் அதில் இருக்கவே கூடாது. இந்தக் கன்ட்ரோல் மோடல் ஃபார்முக்காக, அதாவது திறந்திருக்கும்போது ஷீட்டில் வேறு வேலை செய்ய விடாத ஃபார்முக்காக, மட்டும் செய்யப்பட்டது. மோட்லெஸ் ஃபார்மில் வைத்தால் கீபோர்டும் மவுஸும் யாரிடம் இருக்கின்றன என்பதில் குழப்பம் ஏற்பட்டு, கடைசியில் டாஸ்க் மேனேஜரில் போய் எக்செலை மூட வேண்டிய நிலை வரும். சேமிக்காத வேலை எல்லாம் அதோடு போகும். இதற்குக் கோடில் மாற்று வழி எதுவும் கிடையாது. ஒன்று ஃபார்மை மோடலாக்குங்கள், இல்லை ரெஃப்எடிட்டை எடுத்துவிடுங்கள்.

மோடல் ஃபார்மிலும் அது முழுக்க நல்ல பிள்ளை இல்லை. ஃப்ரேமுக்குள்ளோ மல்டிபேஜுக்குள்ளோ வைத்தால் தடுமாறும், ஃபார்மின் மேலேயே நேரடியாக வைக்க வேண்டும். அதன் சேஞ்ச், எக்ஸிட் போன்ற ஈவென்ட்டுகளை (ஏதாவது நடந்ததும் தானாக ஓடுபவை) நம்பிக் கோடு எழுதக் கூடாது. சில நேரம் ஓடும், சில நேரம் ஓடாது. எழுத்தைப் படிக்கும் வேலையை எப்போதும் ஒரு பட்டனின் கிளிக்கில் வைப்பதே பத்திரம். அப்புறம் இந்தக் கன்ட்ரோல் தனியாக ஒரு டிஎல்எல் ஃபைலிலிருந்து வருகிறது. ஃபைல் வேறு கணினிக்குப் போய், அங்கே அந்த இணைப்பு அறுந்திருந்தால் ஃபார்மே திறக்காது. சில நேரம் ரெஃப்எடிட்டுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சாதாரண ஃபங்ஷனில் போய்க் கம்பைல் எரர் நிற்கும், பார்ப்பவருக்குத் தலைகால் புரியாது. நீங்களே செய்து நீங்களே பயன்படுத்தும் சின்ன மோடல் ஃபார்ம் என்றால் ரெஃப்எடிட்டை வைத்துக்கொள்ளுங்கள், ஆட்சேபம் இல்லை. பிறருக்குக் கொடுக்கும் ஃபைலில் நான் வைப்பதில்லை.

சரி, இன்புட்பாக்ஸ். எக்செலின் மேக்ரோ மொழியான விபிஏவில் இந்தப் பெயரில் இரண்டு இருக்கின்றன. வெறுமனே இன்புட்பாக்ஸ் என்று எழுதினால் விபிஏ மொழியின் ஃபங்ஷன், அது எழுத்தை மட்டுமே திருப்பித் தரும். முன்னால் அப்ளிகேஷன் என்று சேர்த்தால் எக்செலின் மெத்தட். அதற்கு டைப் என்று ஒரு உள்ளீடு உண்டு: 1 என்றால் எண், 2 என்றால் எழுத்து, 8 என்றால் செல் ரேஞ்ச். டைப் 8 கொடுத்தால் பயனர் மவுஸால் ஷீட்டில் இழுத்துத் தேர்ந்தெடுக்கலாம், உங்களுக்குக் கிடைப்பது நேரடியாக ரேஞ்ச் ஆப்ஜெக்ட். எந்த ஷீட், எந்த ஒர்க்புக் என்பதெல்லாம் அந்த ஆப்ஜெக்டுக்குள்ளேயே இருக்கும். நீங்கள் எதையும் வெட்டி ஒட்டி மாற்ற வேண்டாம். பயனர் கண்டபடி ஏதாவது தட்டினாலும் எக்செலே "இது சரியான முகவரி இல்லை" என்று சொல்லித் திரும்பக் கேட்டுவிடும்.

ஆனால் அதை வாங்கும் வரியில் செட் என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். எதையும் ஏற்கும் வேரியன்ட் வகை மாறியில் செட் இல்லாமல் வாங்கினால் எரர் வராது, ரேஞ்சுக்குப் பதில் அதற்குள் இருக்கும் மதிப்புகள் மட்டும் வந்து விழும், முகவரி காணாமல் போய்விடும். செட் போட்டால் உங்கள் 424 வருகிறது. காரணம் எளிது. பயனர் கேன்சல் அழுத்தினால் இந்த மெத்தட் ஃபால்ஸ் என்ற மதிப்பைத் திருப்புகிறது. ஃபால்ஸ் ஆப்ஜெக்ட் இல்லை, செட் ஆப்ஜெக்டைத்தான் ஏற்கும். அதனால் "ஆப்ஜெக்ட் வேண்டும்" என்று எக்செல் முறையிடுகிறது. தீர்வும் எல்லோரும் செய்வதுதான்: அந்த ஒரு வரிக்கு முன் ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட் (எரர் வந்தாலும் நிற்காதே), அந்த வரி முடிந்ததும் உடனே ஆன் எரர் கோடூ 0 (இனி பழையபடி நில்), அப்புறம் மாறி நத்திங்காக, அதாவது எந்த ஆப்ஜெக்டும் இல்லாமல், இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் வெளியேறிவிடுவது. இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். முதலாவது, கோடூ 0 என்ற வரியை மறந்துவிட்டால் அதற்குக் கீழே வரும் எல்லா எரரும் சத்தமில்லாமல் விழுங்கப்படும். நான் பழுதுபார்த்த மேக்ரோக்களில் "ஓடுகிறது, ஆனால் ஒன்றும் நடக்கவில்லை" என்ற ரகத்துக்கு அடிக்கடி இதுதான் காரணம். இரண்டாவது, இதே வரி ஒரு லூப்புக்குள் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் மாறியை முதலில் நத்திங் ஆக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது முறை கேன்சல் அழுத்தினாலும் முதல் முறை தேர்ந்தெடுத்த ரேஞ்ச் அப்படியே உள்ளே இருக்கும், பயனர் வேண்டாம் என்று சொன்னது உங்கள் கோடுக்குத் தெரியாமலே போகும்.

இன்புட்பாக்ஸ் திறக்கும்போது, ஏற்கனவே தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும் செல்களை டிஃபால்ட்டாகக் காட்டுவது பயனருக்கு வசதி. பெரும்பாலானோர் செலக்‌ஷன்.அட்ரஸ் என்று போட்டுவிடுவார்கள். அந்த நேரம் ஒரு படமோ வடிவமோ தேர்வாகியிருந்தால் அதற்கு அட்ரஸ் கிடையாது, எரர் வரும். டைப்நேம் மூலம் செலக்‌ஷன் ரேஞ்ச்தானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஸ்க்ரீன்அப்டேட்டிங்கை முன்னாலேயே ஃபால்ஸ் ஆக்கியிருந்தால் இந்த இடத்துக்கு வரும்முன் ட்ரூ ஆக்குங்கள். திரை புதுப்பிக்கப்படாமல் இருந்தால் பயனர் இழுக்கிறார், எதுவும் நகர்வதாகத் தெரியாது, எக்செல் தொங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

இதை ஃபார்மோடு இணைக்க நான் செய்வது இப்படி. ரெஃப்எடிட் இருந்த இடத்தில் சாதாரண டெக்ஸ்ட்பாக்ஸ் வைக்கிறேன். அதன் டிராப்பட்டன்ஸ்டைல் என்ற பண்பை ரெட்யூஸ் என்றும், ஷோடிராப்பட்டன்வென் என்ற பண்பை ஆல்வேஸ் என்றும் மாற்றினால், பெட்டியின் வலது ஓரத்தில் ரெஃப்எடிட்டில் இருப்பது போலவே ஒரு சின்னப் பட்டன் தெரியும். அதை அழுத்தினால் டிராப்பட்டன்கிளிக் என்ற ஈவென்ட் ஓடும். எக்செல் வட்டாரத்தில் நெடுநாளாகப் புழங்கும் உத்தி இது, என் கண்டுபிடிப்பு இல்லை. அந்த ஈவென்ட்டுக்குள் ஃபார்மை மறைத்து, டைப் 8 இன்புட்பாக்ஸைக் காட்டி, கிடைத்த ரேஞ்சை ஃபார்மின் மாட்யூல் அளவில் அறிவித்த மாறியில் வைத்துக்கொண்டு, ஃபார்மைத் திரும்பக் காட்டுகிறேன். மறைப்பது கட்டாயமில்லை. ஆனால் ஃபார்ம் நடுத்திரையில் நின்றால் பயனர் தேட வேண்டிய செல்கள் அதற்கடியில்தான் இருக்கும், எப்போதும் அப்படித்தான். கேன்சல் ஆனால் பழைய மாறியைத் தொடாமல் விட வேண்டும். அதனால் இன்புட்பாக்ஸின் விடையை முதலில் ஒரு தற்காலிக மாறியில் வாங்கி, நத்திங் இல்லை என்று தெரிந்த பிறகே மாட்யூல் மாறிக்கு மாற்றுங்கள்.

டெக்ஸ்ட்பாக்ஸில் காட்டும் முகவரிக்கு அட்ரஸ் பண்பில் எக்ஸ்டர்னல் ட்ரூ என்று கொடுத்தால் ஒர்க்புக், ஷீட் பெயர்களும் சேர்ந்து வரும். பயனர் தான் எதைத் தேர்ந்தெடுத்தார் என்பதை முழுசாகப் பார்ப்பார். பெட்டியை லாக்ட் என்று வைத்துவிடுங்கள். தட்டி எழுத இடம் கொடுத்தால் எழுத்து ஒன்று, உள்ளே இருக்கும் ரேஞ்ச் வேறொன்று என்று ஆகிவிடும். பயனர் ஃபார்மைத் திறக்கும்போதே வரவேண்டிய ஆரம்ப மதிப்புகளை இனிஷியலைஸ் ஈவென்ட்டில் போடுங்கள், ஆக்டிவேட்டில் போடாதீர்கள். ஃபார்ம் மறைந்து திரும்ப வரும்போது இனிஷியலைஸ் ஓடாது, ஆக்டிவேட் மறுபடி ஓடும், பயனர் நிரப்பியதை எல்லாம் துடைத்துவிடும்.

மூன்றாவது வழியும் இருக்கிறது. ஃபார்மை மோட்லெஸ்ஸாகக் காட்டி, "இப்போது தேர்வாகியிருப்பதை எடுத்துக்கொள்" என்று ஒரு பட்டன் வைப்பது. பயனர் ஷீட்டில் தாராளமாக உலாவி, ஃபில்டர் போட்டு, தேர்ந்தெடுத்துவிட்டு வந்து பட்டனை அழுத்துவார், நீங்கள் செலக்‌ஷனைப் படித்தால் போதும். ஒரே ஃபார்மில் பத்து முறை தேர்ந்தெடுக்க வேண்டிய வேலைக்கு இதுவே எனக்குப் பிடித்தது. விலை என்னவென்றால், ஃபார்ம் திறந்திருக்கும் நேரமெல்லாம் பயனர் ஷீட்டை நீக்கலாம், ஒர்க்புக்கை மூடலாம், எதுவும் செய்யலாம். அதையெல்லாம் எதிர்பார்த்து எழுத வேண்டும். உங்களுக்கு இரண்டே தேர்வுகள்தான், இன்புட்பாக்ஸ் போதும்.

ரேஞ்ச் கைக்கு வந்தபின்தான் பாதி வேலை. பயனர் நீங்கள் நினைத்த மாதிரி ஒரு அழகான செவ்வகத்தைத்தான் தேர்ந்தெடுப்பார் என்று எண்ணக் கூடாது. கண்ட்ரோல் விசையோடு பல துண்டுகளைத் தேர்ந்தெடுத்தால் ஒரே ரேஞ்சுக்குள் பல ஏரியாக்கள் இருக்கும். அப்போது ரோஸ்.கவுன்ட் முதல் துண்டின் வரிசைகளை மட்டும்தான் எண்ணும். காலம்ஸ்.கவுன்ட்டும் அப்படியே. வேல்யூவைப் படித்தாலும் முதல் துண்டின் மதிப்புகள் மட்டுமே வரும். செல்ஸ்.கவுன்ட் மட்டும் எல்லாத் துண்டுகளையும் சேர்த்து எண்ணும். ஆக, எண்ணிக்கை ஒன்று சொல்லும், மதிப்புகள் இன்னொன்று சொல்லும். உங்கள் மேக்ரோவுக்குத் துண்டுகள் அர்த்தமில்லை என்றால் ஏரியாஸ்.கவுன்ட் 1ஐ விட அதிகமாக இருக்கும்போது ஒரு செய்தி காட்டித் திருப்பி அனுப்புங்கள். அர்த்தமுண்டு என்றால் ஒவ்வொரு ஏரியாவாகச் சுற்றி வாருங்கள். எக்செல் தானாக எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கும் என்று நம்பி விட்டுவிடுவதுதான் தப்பு.

நெடுவரிசையின் தலைப்பைக் கிளிக் செய்து முழு நெடுவரிசையையும் தேர்ந்தெடுப்பது பயனர்களின் நிரந்தரப் பழக்கம். 2007 முதல் வந்த எக்செலில் ஒரு நெடுவரிசைக்கு 10,48,576 செல்கள். அதை ஒவ்வொன்றாகச் சுற்றினால் மேக்ரோ நகராது. தேர்வையும் அந்த ஷீட்டில் பயன்பாட்டில் உள்ள பகுதியான யூஸ்டுரேஞ்சையும் இன்டர்செக்ட் செய்து, அதாவது இரண்டுக்கும் பொதுவான செல்களை மட்டும் எடுத்து, குறைத்துக்கொள்ளுங்கள். காலியான இடத்தைத் தேர்ந்தெடுத்திருந்தால் விடை நத்திங்காக இருக்கும், அதையும் பாருங்கள். மூலையில் உள்ள பட்டனை அழுத்தி ஷீட் முழுவதையும் தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு. 16,384 நெடுவரிசைகளைப் பெருக்கினால் 1,717 கோடியைத் தாண்டுகிறது. கவுன்ட் என்பது லாங் வகை எண், அதன் உச்சம் 214 கோடியே சொச்சம், ஆகவே ஓவர்ஃப்ளோ எரர் வரும். கணக்குப் போட்டால் 2,048 முழு நெடுவரிசைகளுக்கே அந்த உச்சத்தைச் சரியாக ஒன்றால் தாண்டிவிடுகிறது. எண்ணுவதற்குக் கவுன்ட்லார்ஜ் இருக்கிறது, எப்போதும் அதையே எழுதுங்கள்.

இதற்கு நேர் எதிர் முனையில் ஒரே ஒரு செல். பல செல் ரேஞ்சின் வேல்யூவை மாறியில் வாங்கினால் 1இலிருந்து தொடங்கும் இரு பரிமாண அரே (மதிப்புகளின் அடுக்கு) கிடைக்கும். ஒரே செல் என்றால் அரே கிடைக்காது, தனி மதிப்பு மட்டும் வரும், அடுத்த வரியில் யூபவுண்ட் போட்டதும் டைப் மிஸ்மேட்ச். இஸ்அரே கொண்டு பார்த்து, இல்லையென்றால் ஒன்றுக்கு ஒன்று அளவில் நீங்களே ஒரு அரே செய்துகொள்ளுங்கள். பயனர் ஒரே செல்லைத் தேர்ந்தெடுத்தார் என்றால் பெரும்பாலும் "இந்த அட்டவணையை எடு" என்றுதான் சொல்ல வருகிறார். அதனால் அந்தச் செல்லின் கரன்ட்ரீஜன், அதாவது அதைச் சுற்றித் தொடர்ச்சியாக உள்ள தரவுப் பகுதி, எவ்வளவு தூரம் போகிறது என்று காட்டி, "இது முழுவதையும் எடுக்கட்டுமா?" என்று கேட்பது நல்ல பழக்கம். அவரைக் கேட்காமல் நீங்களாக விரித்துக்கொள்வது நல்லதில்லை.

ஃபில்டர் போட்ட ஷீட் இன்னொரு பொறி. பயனர் கண்ணுக்குப் பத்து வரிசைகள் தெரியும், ரேஞ்சுக்குள் மறைந்திருக்கும் ஆயிரமும் சேர்ந்தே இருக்கும். தெரியும் செல்களை மட்டும் எடுக்க ஸ்பெஷல்செல்ஸ் இருக்கிறது. அதன் நடத்தையில் இரண்டைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். எதுவும் கிடைக்காவிட்டால் நத்திங் தராது, 1004 எரர் தரும். ஒரே செல்லின் மேல் அதைக் கூப்பிட்டால் அந்தச் செல்லோடு நிற்காது, ஷீட்டின் பயன்பாட்டுப் பகுதி முழுவதற்கும் பாய்ந்துவிடும். இரண்டாவது நடத்தை பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்: ஒரு செல்லைச் சிவப்பாக்கச் சொன்னால் ஷீட்டே சிவந்துபோகும். ஆகவே ஒரு செல்தானா என்று முதலில் பார்த்துவிட்டுத்தான் ஸ்பெஷல்செல்ஸ் பக்கம் போக வேண்டும். கிடைக்கும் விடை பல ஏரியாக்களாக இருக்கும், மேலே சொன்ன துண்டுக் கதை இங்கேயும் திரும்ப வரும். இணைத்த செல்களில் இடது மேல் மூலையில் மட்டும்தான் மதிப்பு இருக்கும். பிழை மதிப்புள்ள செல்லை எதனோடாவது ஒப்பிட்டால் 13ஆம் எண் எரர் வரும், ஒப்பிடுமுன் இஸ்எரர் கொண்டு பார்த்துவிடுங்கள்.

முடிவை எழுதும் இடத்துக்கு வேறு மாதிரி யோசிக்க வேண்டும். பயனர் தேர்ந்தெடுத்த அளவை அங்கே நம்பவே வேண்டாம். இடது மேல் செல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, எழுத வேண்டிய தரவின் அளவுக்கு ரீசைஸ் செய்துகொள்ளுங்கள். ஷீட்டின் ஓரத்தைத் தாண்டினால் 1004 வரும் என்பதால் இடம் போதுமா என்று முன்னாலேயே கணக்கிடுங்கள். மூலத் தரவின் மேலேயே எழுதிவிடாமல் இருக்க இரண்டையும் இன்டர்செக்ட் செய்து பார்க்கலாம். ஆனால் வெவ்வேறு ஷீட்டில் இருக்கும் ரேஞ்சுகளை இன்டர்செக்ட் செய்தால் அதுவே எரர். அதனால் முதலில் ஒர்க்புக் பெயரும் ஷீட் பெயரும் ஒன்றா என்று பார்த்து, ஒன்றாக இருந்தால் மட்டும் செய்யுங்கள். எழுதுமுன் "இந்த முகவரியில் இத்தனை செல்கள் மாறப்போகின்றன" என்று ஒருமுறை காட்டிவிடுங்கள். மேக்ரோ ஷீட்டை மாற்றியதும் அன்டூ பட்டியல் காலியாகிவிடும், பயனர் கண்ட்ரோல் இசட் அழுத்திப் பயனில்லை.

ரேஞ்ச் ஆப்ஜெக்டை வைத்திருப்பதில் ஒரு நன்மையும் ஒரு அபாயமும் சேர்ந்தே வருகின்றன. நடுவில் மேலே ஒரு வரிசை நுழைக்கப்பட்டால் ஆப்ஜெக்ட் தானும் ஒரு வரிசை கீழே நகர்ந்து, அதே தரவைப் பிடித்துக்கொண்டிருக்கும். எழுத்தாக வைத்த முகவரி நகராது. ஆனால் அந்தச் செல்கள் முழுவதும் நீக்கப்பட்டால் ஆப்ஜெக்ட் செத்துப்போகும். மாறி நத்திங்காக ஆகாது, தொட்டால் மட்டும் எரர். மோடல் ஃபார்மில் இதற்கு வாய்ப்புக் குறைவு, மோட்லெஸ்ஸில் தாராளம். அடுத்த முறை ஃபைல் திறக்கும்போதும் அதே தேர்வு நினைவில் இருக்க வேண்டும் என்றால் ஒர்க்புக்கில் ஒரு நேம் ஆகப் பதிந்துவையுங்கள். அதுவும் வரிசைகளோடு சேர்ந்து நகரும்.

ஃபார்மை மூடும் இடத்திலும் தேர்வு தொலைந்துபோவதுண்டு. அன்லோடு செய்தபின், அதாவது நினைவகத்திலிருந்தே நீக்கியபின், ஃபார்மின் பெயரைச் சொல்லி அதன் மாறியைக் கேட்டால், எக்செல் புதிதாக இன்னொரு ஃபார்மை உருவாக்கி அதன் காலி மாறியைக் கொடுக்கும், எரர் கூட வராது. ஓகே பட்டனில் மறைக்க மட்டும் செய்யுங்கள். கூப்பிட்ட மேக்ரோ ரேஞ்சுகளைப் படித்துக்கொண்டபின் அன்லோடு செய்யட்டும். மூலையில் உள்ள பெருக்கல் குறியை அழுத்தினால் குவெரிகுளோஸ் ஈவென்ட்டில் அதைத் தடுத்து, ரத்து என்று ஒரு குறி வைத்து, மறைத்துவிடுங்கள். உண்மையான கணக்கை ஃபார்முக்குள் எழுதாமல் தனி மாட்யூலில், இரண்டு ரேஞ்சுகளை உள்ளீடாக வாங்கும் சப் ஆக வைத்தால், ஃபார்மே இல்லாமலும் சோதித்துப் பார்க்கலாம்.

எதை உறுதியாகச் சொன்னேன், எதை என் கருத்தாகச் சொன்னேன் என்பதையும் பிரித்துவிடுகிறேன். 424இன் காரணம், எழுத்து முகவரி ஆக்டிவ் ஷீட்டுக்குப் போவது, மோட்லெஸ்ஸில் ரெஃப்எடிட் உறைவது, ஏரியா கணக்கு இவையெல்லாம் நீங்களே ஐந்து நிமிடத்தில் சோதித்துப் பார்க்கக்கூடிய நடத்தைகள். உறைவதைச் சோதிக்கும்முன் மட்டும் மற்ற ஃபைல்களைச் சேமித்துவிடுங்கள். ரெஃப்எடிட்டை அடியோடு ஒதுக்குவது என் விருப்பம். மோடல் ஃபார்மில் கவனமாக வைத்து, வருடக்கணக்கில் சிக்கலின்றி ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். நான் உத்தரவாதம் தராத இடம், பயனர் வேறொரு ஒர்க்புக்குக்குப் போய்த் தேர்ந்தெடுப்பது. 2013 முதல் ஒவ்வொரு ஒர்க்புக்கும் தனி ஜன்னல், ஃபார்ம் தான் திறந்த ஜன்னலோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அடுத்த ஜன்னலுக்குப் போனால் பின்னால் ஒளிந்துகொள்ளும். அந்தத் தேவை இருந்தால் திறந்திருக்கும் ஒர்க்புக்குகளின் பட்டியலை ஒரு காம்போபாக்ஸில் காட்டி, பயனர் தேர்ந்தெடுத்ததைக் கோடிலேயே ஆக்டிவேட் செய்துவிட்டு, அதற்குப் பின் இன்புட்பாக்ஸைத் திறப்பது எனக்குக் கைகொடுத்திருக்கிறது. பிரவுசரில் திறக்கும் எக்செலில் விபிஏ ஓடவே ஓடாது, அங்கே இந்தப் பதிலில் உள்ள எதுவும் பொருந்தாது.

உங்கள் ஃபார்ம் ஏற்கனவே மோடல்தான், ஃப்ரேமும் இல்லை, ஆனாலும் உறைகிறது என்றால், விபிஏ எடிட்டரில் டூல்ஸ் மெனுவில் ரெஃபரன்சஸைத் திறந்து ரெஃப்எடிட் வரியில் மிஸ்ஸிங் என்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஃபார்மிலிருந்து கன்ட்ரோலை நீக்கி, டிக்கையும் எடுத்துவிட்டு, டெக்ஸ்ட்பாக்ஸ் முறைக்கு மாற்றி, ஒருமுறை கம்பைல் செய்து பாருங்கள். அதற்குப் பிறகும் வந்தால், ஃபார்மைக் காட்டும் வரியையும் ஓகே பட்டனின் கோடையும் அப்படியே கேள்வியில் சேர்த்துப் போடுங்கள், பார்க்கிறேன்.